குளம் இருக்கிற அறை

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற விஜிலா கூப்பிட்டாள். மகள் ரெனியின் பள்ளிக்கூடம், ஒழுகுகிற ஓடு, என் ரத்த அழுத்த மாத்திரை. பிறகு "வேற என்ன?" இது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. மூன்று வருடமாக நானும் என் மனைவியும் இப்படித்தான் போனை வைக்கிறோம்.

இன்று அவள் வைக்கவில்லை. "இஞ்சேருங்க, ரெனிக்க டேப்லெட்டுல ஒரு கேம் இறக்கிப் போடுங்க. லிங்க் அனுப்பியிருக்கேன். எனக்க கூட வேலை செய்யுத பிலிப்பைன்ஸ் பிள்ள காட்டித் தந்தா. நாம ரெண்டு பேரும் அதுக்குள்ள போய் நடக்கலாம்."

"நடந்து?"

"நடந்து ஒண்ணும் இல்ல. சும்மா நடக்கலாம்."

நான் மார்த்தாண்டத்தில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். இடது, வலது, கிளட்ச், பிரேக். சும்மா போவது எனக்குப் பழக்கம் இல்லாத காரியம். செதிள் ஒட்டிய கையோடு "செரி" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் ரெத்னாபாய் டீச்சர் மேம்பாலம் ஏறும்போது திரும்பத் திரும்ப வண்டியை நிறுத்திப்போட்டார். பின்னால் ஒரே ஹாரன். ரிட்டையர் ஆன பிறகாவது கார் ஓட்டியே தீருவது என்று வந்திருப்பவர். "ஜாண்றோஸ், நீங்க அந்தப் பக்கம் இருந்து பிரேக்க மிதிச்சிட்டே இருந்தா நான் எப்பிடிப் படிக்க?" என்று கோபப்பட்டார். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் நான் இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்றேன்.

மத்தியானம் வண்டியை அயனி மரத்தடியில் போட்டுவிட்டு டேப்லெட்டைத் திறந்தேன். அந்த நேரம் விஜிலாவுக்கு அங்கே சாப்பாட்டு இடைவேளை.

திரையில் ஒரு சுவர். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் பழுப்பு நிற மழைக்கோட்டு. தொட்டதும் அது இறங்கி நின்றது. தலை இல்லை, கால் இல்லை, வெறும் கோட்டு. அதுதான் நானாம். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு எழுத்துகூட இல்லை. விரலால் இழுத்தால் கோட்டு நடக்கும். கீழே இரண்டு பொத்தான். ஒன்றைத் தொட்டால் கோட்டு உட்காரும், இன்னொன்றைத் தொட்டால் வலது கையைத் தூக்கும். அவ்வளவுதான்.

அது ஒரு வீடு. முதல் அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் நிறைய நாற்காலிகள், எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டவை. அதற்கடுத்து ஒரு அடுப்படி. அடுப்பைத் தாண்டி நடந்தால் அடுப்படி முடியவே இல்லை, காடாக ஆகிவிட்டது. ஒரு அலமாரியைத் திறந்தேன். உள்ளே ரயில்வே பிளாட்பாரம், விளக்கு எரிகிறது, ஒரு ஆள் இல்லை. நான் பயந்து அலமாரியை மூடினேன். பிறகு என்னவோ போல இருந்தது, மறுபடி திறந்து பார்த்தேன். பிளாட்பாரத்தில் இப்போது பனி.

விஜிலா சொன்னபடி குளம் இருக்கிற அறையைக் கண்டுபிடித்தேன். கரையில் என்னைப் போலவே இன்னொரு கோட்டு நின்றது. கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். வண்டிக்குள் தனியாக இருந்து சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ரெனி கேட்டாள்: "அப்பா, இதுல எப்பிடி ஜெயிக்கது?"

"ஜெயிக்க ஒண்ணும் இல்ல மக்களே."

"பின்ன எதுக்கு?"

பன்னிரண்டு வயதுக்கு எப்படிச் சொல்வது? எனக்கே தெரியவில்லை. எங்கோ குளிர்நாட்டில் இரண்டே பேர் சேர்ந்து செய்த விளையாட்டாம். புள்ளி கிடையாது, சண்டை கிடையாது, செத்துப்போவதும் கிடையாது. நான் பத்தொன்பது வருடமாக ஒரே சுற்றில் வண்டி ஓட்ட வைக்கிறவன். பஸ் ஸ்டாண்டு, மேம்பாலம், குழித்துறை, திரும்பி வா. அடுத்த வளைவில் என்ன கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வீட்டில் அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நினைக்க நினைக்க, வகுப்பில் இருக்கும்போதே கை பரபரக்கிறது.

ஜூன் 14, சனி

நல்ல மழை. வகுப்பு இல்லை. விஜிலாவுக்கும் இன்று விடுமுறை. நிறைய நேரம் நடந்தோம். கடல் அறையைக் கண்டுபிடித்தேன். தரைக்குப் பதில் கடல், அதில் கட்டில்கள் மிதக்கின்றன, விரலைச் சுண்டிக் கட்டிலிலிருந்து கட்டிலுக்குத் தாவ வேண்டும். அங்கிருந்து ஒரு படிக்கட்டு, அங்கிருந்து ஒரு சுரங்கம். அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஏழெட்டு அறை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை.

போன் போட்டு, "நெட் போச்சா?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா" என்றாள்.

"நல்ல இடம் எல்லாத்தையும் விட்டுட்டியே. நான் சொல்லுதேன் கேளு, அந்தச் சுரங்கத்துக்குள்ள…"

"டிரெஸ் துவைக்கணும். வைக்கேன்."

ஜூன் 18, புதன்

விஜிலாவின் யூனிட்டில் ஆள் குறைந்துவிட்டதாம். டயாலிசிஸ் யூனிட்டில் இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்கிறாள். இனி மத்தியானம் தலை நிமிர நேரம் இல்லை, விளையாட்டெல்லாம் முடியாது என்றாள்.

"செப்டம்பர்ல காண்ட்ராக்ட் முடியுதுல்லா, பிறகு வந்திருவே. அதுவரைக்கும்தானே" என்றேன்.

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் வருவாள் என்றுதான் அர்த்தம்.

ஜூன் 20, வெள்ளி

தனியாகவே போய்ப் பார்ப்போம் என்று உள்ளே போனேன். குளத்தங்கரையில் கோட்டு நிற்கிறது!

ஜூன் 21, சனி

இன்றும் நின்றது. கையைத் தூக்கியது. நேரம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறாளோ? கேட்டால் வராமல் போய்விடுவாள். நிச்சயம் முடிந்த காலத்தில் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரமாட்டேன் என்று தங்கச்சியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, பாட்டு எடுக்கும் நேரத்தில் கடைசி வரிசையில் நிற்பாள். நான் கேட்கப்போவதில்லை.

வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் பயறும்.

ஜூன் 27, வெள்ளி

விஜிலா மாறிவிட்டாள். முன்பு குளத்தையும் மழையையும் விட்டு நகர மாட்டாள். இப்போது அவள்தான் என்னைக் கூட்டிப்போகிறாள். அடுப்புக்குப் பின்னால் ஒரு ஓட்டை உண்டென்று எனக்குத் தெரியாது. அதன் வழியாக இறங்கினால் ஒரு நீண்ட வராந்தா, ஜன்னல்கள் எல்லாம் மெதுவாக மூச்சு விடுகின்றன. உண்மையாகவே சட்டம் விரிந்து சுருங்குகிறது. ஒரு ஜன்னலுக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். நான் கடந்துபோய் அடுத்த கதவில் கை வைத்தேன். அவள் வரவில்லை. திரும்பி வந்தேன். வெளியே ஒன்றும் இல்லை, சாம்பல் நிற வெளிச்சம் மட்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது. பிறகு பார்த்தால் அந்த வெளிச்சத்துக்குள் மிகத் தூரத்தில் ஏதோ மிகப் பெரியது ஒன்று மெதுவாக நடந்துபோனது. யானையோ மலையோ தெரியவில்லை. நிற்காமல் போயிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

டிரைவிங் ஸ்கூலுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். ரெத்னாபாய் டீச்சர் வாசலில் குடை பிடித்து நின்றார்.

ஜூலை 2, புதன்

இப்போதெல்லாம் நான் பின்னால்தான் நடக்கிறேன். அவள் நின்றால் நிற்பேன். உட்கார்ந்தால் உட்காருவேன். முதலில் கஷ்டமாக இருந்தது. கால் பிரேக்கைத் தேடுவது போல விரல் தானாக முன்னால் போகப் பார்க்கும்.

இன்று சாயந்திரம் போனில், "மத்தியானம் என்ன தின்னே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

"என்ன, ஒடம்புக்கு வல்லதும் செய்யுதா ஒங்களுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. என்ன தின்னேன்னு கேட்டேன்."

"குப்பூஸ் ரொட்டியும் தயிரும்." பிறகு அவளாகவே சொன்னாள். டயாலிசிஸுக்கு வருகிற ஒரு ஓமானி அம்மா எப்போதும் இவளுடைய கையைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். ஊசி குத்தும்போது வேறு யாரையும் விடாதாம். பையில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து இவளுடைய சட்டைப்பையில் போடுமாம். இந்த அம்மாவைப் பற்றி விஜிலா என்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக வருகிறதாம் அந்த அம்மா.

ஜூலை 9, புதன்

இன்று வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். ரெனி பெரிய பெண்ணாகிவிட்டாள். ஸ்டியரிங்கில் ரெத்னாபாய் டீச்சர், நான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். "அங்க பாத்துட்டு இருக்காதீங்க, பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் திரும்பணும், அதைச் சொல்லுங்க" என்றார். அவரே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. கடையில் இறங்கி வேண்டியதை வாங்கி, ரெனியை உள்ளே கூட்டிப்போய், எல்லாம் சொல்லிக்கொடுத்து வெளியே கொண்டுவந்தார். ரெனி என்னைப் பார்க்காமல் பின்சீட்டில் ஏறினாள்.

விஜிலாவுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "பிள்ள அழுதாளா?" என்றாள். இல்லை என்றேன். "டூட்டியில நிக்கேன். பிறகு" என்று வைத்துவிட்டாள்.

ரெனி தூங்கிய பிறகு மத்தியானம் டேப்லெட்டைத் திறந்தேன். குளத்தங்கரையில் அவள் இருந்தாள். கையைத் தூக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். எங்கேயும் போகவில்லை. குளத்தில் மேலேயிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் பேசாமல் இருந்ததில்லை. எழுந்து போகும்போது அவள் கையைத் தூக்கினாள். டேப்லெட்டைத் துடைத்து வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ரெனிக்கு உளுந்தங்களி கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. தின்றாள்.

ஜூலை 19, சனி

செப்டம்பரில் விஜிலா வந்தவுடன் முதலில் எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான். திற்பரப்பு அருவியா, முட்டம் கடற்கரையா, எதுவானாலும். அவள் நிற்கிற இடத்தில் நிற்பதாக இருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்து, முகமும் குரலும் இல்லாத ஒரு கோட்டுக்காக மத்தியானம் ஆவதற்குக் காத்திருக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூலை 24, வியாழன்

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் அயனி மரத்தடி. இன்று ஒரு புது இடம். படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்குகிறது, அடியில் ஒரு மணி தொங்குகிறது. அவள் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். அப்போது என் போன் அடித்தது. விஜிலா.

எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாடிக்கொண்டே கூப்பிடுகிறாள், இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சேருங்க, ஊருக்கு வாற ஒரு பிள்ள கையில ரெனிக்குத் துணி குடுத்து விட்டிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை கருங்கல்ல அவளுக்க வீட்டுல போய் வாங்கிருங்க."

"செரி. நீ இப்பம் எங்க நிக்கே?"

"பஸ்ல. இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல டூட்டி. இருக்க இடம் இல்ல, ஒரு கையில கம்பியப் பிடிச்சிட்டு ஒரு கையில ஒங்க கூட பேசுதேன். விழுந்திருவேன் போல இருக்கு."

டேப்லெட்டில் கோட்டு மணிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது. என்னைப் பார்த்து நின்றது. கையைத் தூக்கியது.

"நீ அந்த கேம் விளையாடுதியா இப்பம்?"

"எந்த கேம்? அந்தக் கோட்டா? அதை அப்பமே அழிச்சிட்டேன். போன்ல இடம் இல்ல. ஏன்?"

"ஒண்ணும் இல்ல."

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். சாயந்திர வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 25, வெள்ளி

யார் அது?

ஜூலை 28, திங்கள்

நேற்று கருங்கலில் போய்த் துணி வாங்கி வந்தேன். ரெனிக்குக் கொஞ்சம் இறுக்கம். பிள்ளை வளர்ந்தது விஜிலாவுக்குத் தெரியவில்லை.

அது யாராகவும் இருக்கலாம். எந்த நாடும் எந்த வயதும். பள்ளிக்கூடம் போகிற பையன், வேலை இல்லாத ஒருவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற யாரோ. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியானால் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஜூலை ஒன்பதாம் தேதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அன்றைக்கு அந்த ஆளுக்கும் என்னமோ ஆகியிருக்க வேண்டும். கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்ததே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். கோட்டு குளத்தங்கரையில் நின்றது. இத்தனை நாளும் வந்து பார்த்திருக்கும்போல. என்னைக் கண்டவுடன் கையைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. நான் கதவிலேயே நின்றேன். விடைபெற வேண்டுமானால் அதற்கு அந்த விளையாட்டில் பொத்தான் இல்லை. கை தூக்குவதுதான் வந்தேன் என்பதும், போகிறேன் என்பதும்.

தூக்காமல் மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விஜிலாவிடம் எல்லாம் சொன்னேன். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு நின்று சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏதோ ஒரு கோட்டப் பாத்து நான்னு நினைச்சீங்களா!" பிறகு சிரிப்பு குறைந்தது.

"எவ்வளவு நாளு?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"ரெனி பெரியவளான அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."



"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன். யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு. நீங்க அங்க வேற யாருக்கோ கூட உக்காந்திருந்தீங்க."

"நீன்னு நினைச்சுத்தான் விஜி."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எடுக்கவில்லை. ரெனியிடம் பேசினாள். "அம்மா ஒங்களுக்க கிட்ட குடுக்க வேண்டாம்னு சொன்னா" என்று ரெனி போனை அவளே வைத்துக்கொண்டாள்.

ரெத்னாபாய் டீச்சர் லைசென்ஸ் எடுத்துவிட்டார். லட்டு கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று விஜிலாவே கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நெட் போச்சான்னு கேட்டீங்கல்லா, ஜூன் மாசம். நெட் ஒண்ணும் போகல்ல. நீங்க கட்டில் கட்டிலா தாவிப் போனீங்க. எனக்குத் தாவத் தெரியல்ல. கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். நீங்க திரும்பிப் பாக்கல்ல. அந்தக் கடலுக்க நடுவுல, ஒரு கட்டில்ல, எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியுமா? அதுக்க பிறகுதான் அழிச்சேன்."

"சொல்லியிருக்கலாம்லா…"

"என்ன சொல்ல? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒங்களுக்க முதுகப் பாத்துட்டுத்தான் நடக்கேன். கோவில் திருவிழாவுக்குப் போனாலும் முன்னால போயிருவீங்க. மஸ்கட் போகணும்னு நீங்க ஏஜென்ட்டுக்குச் செரி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். கேம்லயாவது கூட நடப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன்.

"இன்னொண்ணு. ஒரு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டாச்சு. ஒங்க கிட்ட கேக்கல்ல. எனக்கு இங்க வேலை பிடிச்சிருக்கு. நான் நல்லா செய்யுதேன்னு சொல்லுதாங்க. இப்பம் வர எனக்கு மனசு இல்ல."

செப்டம்பர் என்று நான் கட்டி வைத்திருந்தது எல்லாம் சரிந்தது. கத்தியிருப்பேன், இரண்டு மாதம் முன்பாக இருந்தால். "செரி" என்றேன்.

அவள் வைக்கவில்லை. கேட்டாள்: "அந்த ஆளு எப்பிடி?"

"யாரு?"

"அந்தக் கோட்டு."

யோசித்தேன். "நிக்கும். எதையாவது பாத்தா நின்னு பாக்கும். நாம வாறதுக்குக் காத்து நிக்கும்."

"நீங்க?"

"நானும் அதுக்க கூட நின்னேன்."

"ஒங்களுக்கு நிக்கத் தெரியுமா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

விஜிலா அந்த விளையாட்டை மறுபடி இறக்கியிருக்கிறாளாம். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, இரண்டு பேருக்கும் லீவு. மத்தியானம் வருகிறேன் என்றாள். "அந்த ஆளையும் பாக்கணும்" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ரெனியின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், பாட்டு, பேச்சு என்று நேரம் போய்விட்டது. வீட்டுக்கு ஓடிவந்து டேப்லெட்டைத் திறக்கும்போது சொன்ன நேரம் தாண்டியிருந்தது. மழை அறை, நாற்காலி அறை, அடுப்படி என்று ஓடினேன்.

குளத்தங்கரையில் இரண்டு கோட்டு உட்கார்ந்திருந்தன.

நான் கையைத் தூக்கினேன். இரண்டும் தூக்கின. ஒரே பழுப்பு, ஒரே உயரம், ஒரே மடிப்பு. ஒன்று என் மனைவி. எது? மெதுவாக எழுகிறதுதான் விஜிலா என்று பார்த்தேன். இரண்டும் எழவில்லை. இடது பக்கம் இருப்பது கொஞ்சம் தள்ளி இருக்கிறது, கோபம், அதுதான் என்று நினைத்தேன். பிறகு வலது பக்கத்தது குளத்தைப் பார்த்துத் திரும்பியது. விஜிலாவுக்குக் குளம் பிடிக்கும். ஆனால் அந்த இன்னொரு ஆளுக்கும் பிடிக்கும். போனில் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போன் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

நடுவில் போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று எழுந்து கதவுக்குப் போய் நின்றது. இன்னொன்றும் எழுந்தது. இரண்டும் எனக்காக நின்றன. நான் கடைசியாகப் போனேன். ரெனி வந்து என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதுல எது அம்மா?" என்றாள். "பாத்துட்டு இரு" என்றேன்.

ஒருவர் நின்றால் மற்ற இருவரும் நின்றோம். மூச்சு விடுகிற ஜன்னல்களைத் தாண்டி, நான் ஒருநாளும் போகாத ஒரு பக்கம் திரும்பினோம். ஒரு பெரிய கூடம். தரை முழுக்க முழங்கால் உயரத்துக்கு மேகம். கோட்டுகள் பாதி மறைந்து போயின. மேகத்துக்கு அடியில் எங்கோ ஒரு ஊர் இருப்பதுபோல விளக்குகள் மங்கித் தெரிந்தன. மூன்று பேரும் அங்கே நின்றோம். ரெனிகூட எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு கோட்டு கையைத் தூக்கியது. இறக்கவே இல்லை, அப்படியே மறைந்துபோனது. இன்னொன்று என்னோடு நின்றது. வெளிச்சம் மாறும்வரை நின்றது.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் சாயா போடும்போது விஜிலா கூப்பிட்டாள்.

"நேத்து கடைசி வரைக்கும் ஒங்களுக்க கூட நின்னது யாருன்னு நினைச்சீங்க?"

நீதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தோஷப்படுவாள் என்றும் தோன்றியது. "தெரியல்ல விஜி. எவ்வளவோ பாத்தேன். கண்டுபிடிக்க முடியல்ல" என்றேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அசையவில்லை.

"பொய் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் தெரியல்ல, ரெண்டுல எது நீங்கன்னு. முன்னாலன்னா பாத்த உடனே சொல்லியிருப்பேன், முன்னால ஓடுதது எதோ அதுதான்னு. நேத்து ரெண்டு பேரும் எனக்காக நின்னாங்க."

டிசம்பரில் ரெனிக்கு லீவு விடும்போது இரண்டு பேரும் அங்கே வர வேண்டும் என்றாள், பாஸ்போர்ட்டுக்கு இப்போதே எழுதிப்போட வேண்டும் என்றாள். அவளுடைய அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் போகிற வழியில் கடல் தெரியும் என்றாள். பஸ் இறங்குகிற பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் உண்டு, வேலை முடிந்து வரும்போது தினமும் அங்கே கொஞ்சம் நிற்பாளாம்.

"அங்க என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.